முழு இரவு ஜெபத்துக்கு ஆள் வேண்டும், மைக் வேண்டாம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் பகுதியில் மயிலாடுதுறைப் பக்கத்து வாசகர் ஒருவர், கிறிஸ்தவர்கள் நடத்தும் முழு இரவு ஜெபங்களை அரசு அடியோடு தடை செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். பிளஸ் டூ தேர்வுக்குப் படிக்கிற மகள் வீட்டில் இருக்க, தெருமுனையில் கட்டிய கூம்பு ஸ்பீக்கரில் இரவு இரண்டு மணிக்கு ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாராம். அதைப் படித்துவிட்டு எங்கள் சபையில் சிலருக்குக் கோபம். "பதில் எழுதுங்கள் நர்சம்மா, விடக்கூடாது" என்று பேப்பரை என் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். எழுதுகிறேன். ஆனால் அவர்கள் எதிர்பார்க்கிற பதில் இதில் இருக்காது.

நான் தரங்கம்பாடி வட்டத்தில் ஒரு சிறிய லுத்தரன் சபையைச் சேர்ந்தவள். கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது சபையின் பெண்கள் சங்கச் செயலர். பெரிய வியாழன் இரவு, டிசம்பர் 31 இரவு, ஈஸ்டருக்கு முந்தின லெந்து என்கிற தவக்கால நாட்களில் ஒரு வெள்ளி, அறுவடைக்கு முன்னால் ஒன்று என்று வருகிற கண்விழிப்பு ஜெபங்களை ஏற்பாடு செய்கிற வேலை என் தலையில்தான் விழும். பாய் விரிப்பதில் இருந்து விடிந்ததும் பாத்திரம் கழுவி வைப்பது வரை எனக்குத் தெரியும். அந்தத் தெளிவோடு சொல்கிறேன்: சத்தத்தைப் பற்றி வாசகர் எழுதியது அத்தனையும் நியாயம். தடை கேட்டதுதான் சரியில்லை.

சத்தத்துக்குத் தடை ஏற்கெனவே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மூடிய கட்டடத்துக்குள், உள்ளே இருப்பவர்கள் கேட்பதற்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம். திருவிழா, கலை நிகழ்ச்சிகளுக்காக மாநில அரசு நினைத்தால் நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல்தான் அளவு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதி, அங்கே இன்னும் குறைவு. இதெல்லாம் கோயில், பள்ளிவாசல், சர்ச், கட்சிக் கூட்டம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் பொது.

அதே 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. சென்னையில் ஒரு சபைக்கும் பக்கத்துக் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கு அது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்தோ மேளம் அடித்தோதான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றார்கள் நீதிபதிகள். தோற்றது எங்கள் ஆட்கள். அந்தத் தீர்ப்பு வந்து இத்தனை வருஷம் ஆகியும் "எங்களை மட்டும் ஏன் கேட்கிறார்கள்" என்று புலம்புகிற சபைக்காரர்களைப் பார்த்தால் எனக்கு அலுப்பாக இருக்கிறது.

இனி, முழு இரவு ஜெபம் என்றால் என்ன என்று வாசகருக்குச் சொல்ல வேண்டும். அவர் கேட்டது ஜெபமே இல்லை, கூட்டம். மேடை, ஃபிளெக்ஸ், கீபோர்டு, ரிதம் பேடு, வெளியூரில் இருந்து வருகிற பிரசங்கியார், அவருக்குக் கார் வாடகை. அது ஒரு தனி வழக்கம், அதன் நல்லது கெட்டது எனக்கு இப்போது வேண்டாம். கண்விழிப்பு ஜெபம் அதைவிட மிகப் பழையது, மிக எளியது. இயேசு மலைக்குப் போய் ராத்திரி முழுவதும் ஜெபம் பண்ணினதாகச் சுவிசேஷத்தில் லூக்கா எழுதுகிறார். கூட ஒருவரும் இல்லை. அவர் பிடிபட்ட அதே இரவில், கெத்செமனேத் தோட்டத்தில், ஒரு மணி நேரமாவது விழித்திருங்கள் என்று மூன்று சீஷர்களைக் கேட்டுக்கொண்டார். மூன்று பேரும் தூங்கிப்போனார்கள். பவுல் ஒரு மாடியறையில் நடுராத்திரி தாண்டியும் பேசிக்கொண்டே இருந்தபோது, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்கிற வாலிபன் தூக்கம் தாங்காமல் மூன்றாம் மாடியில் இருந்து விழுந்த கதையும் வேதத்தில் இருக்கிறது. நீளமாகப் பேசுகிற பிரசங்கிமார் அந்தப் பகுதியை அவ்வளவாகத் தொடுவதில்லை என்பது நான் கவனித்த விஷயம்.

முறை வைத்து விழித்திருப்பதுதான் இந்த ஜெபத்தின் எலும்பு. இதற்கு எங்கள் மண்ணோடு தொடர்புள்ள ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்கிற சின்ன ஊரில் 1727 ஆகஸ்டில் மொரேவிய சகோதரர்கள் என்கிற கிறிஸ்தவக் கூட்டத்தார் ஓர் ஏற்பாடு செய்தார்கள். 24 ஆண்கள், 24 பெண்கள். நாளின் 24 மணி நேரத்தைப் பங்கு போட்டு ஆளுக்கு ஒரு மணி நேரம். ஒருவர் முடிக்க அடுத்தவர் தொடங்குவார். அந்தச் சங்கிலி நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. அந்தச் சகோதரர்களில் ஒரு கூட்டம் 1760-இல் நம் தரங்கம்பாடிக்குக் கப்பலில் வந்து இறங்கியது. நிக்கோபார் தீவுகளுக்குப் போவதுதான் அவர்கள் நோக்கம். தரங்கம்பாடிக்கு வெளியே ஒரு தோட்டத்தில் குடியிருந்துகொண்டு, கைத்தொழில் செய்து பிழைத்தார்கள். காய்ச்சலில் நிறையப் பேர் செத்தார்கள். லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் வந்தது இந்தப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இவர்களை யாருக்கும் தெரியாது. மணிக்கணக்கு வைத்து ஜெபிக்கிற அந்த மனிதர்கள் பொறையாற்றுப் பக்கத்து ஈரக் காற்றில் எப்படி விழித்திருந்தார்களோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டபோது அவரோடு விழித்திருந்தவர்கள் கிங்ஸ்வுட் என்கிற ஊரின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள். அதற்கு முன் அவர்கள் ராத்திரி விழித்தது சாராயக் கடையில். வெஸ்லி மாதம் ஒரு தடவை, பௌர்ணமியை ஒட்டின வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வைத்தார். ஜெபம் முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு நிலா வெளிச்சம் வேண்டும் அல்லவா? அந்த ஒரு யோசனைக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை. கூலிக்குப் போகிறவன் உடம்பையும் அவன் நடக்கிற பாதையையும் நினைத்துப் பார்த்து நாள் குறித்திருக்கிறார். நாங்களும் முடிந்தவரை பௌர்ணமியை ஒட்டித்தான் வைக்கிறோம். எங்கள் ஆட்கள் பாதிப் பேர் வரப்பு வழியாக வருகிறவர்கள்.

நாள் குறிப்பதில் இன்னொரு கணக்கும் உண்டு. மேட்டூரில் தண்ணீர் திறந்து கடைமடை வரைக்கும் வந்து சேர்ந்து, நடவு மும்முரமாக நடக்கிற வாரங்களில் நான் எந்த ராத்திரி ஜெபமும் வைக்க விடுவதில்லை. என்னதான் மிஷின் நடவு வந்தாலும் எங்கள் பக்கத்தில் கொத்தாகச் சேர்ந்து நடப்போகிற பெண்கள் இருக்கிறார்கள். விடிய விடிய முழங்காலில் இருந்துவிட்டுக் காலை ஆறு மணிக்குச் சேற்றில் இறங்கிக் குனிந்து நடுவது சும்மா இல்லை. நூறு நாள் வேலை நடக்கிற நாளிலும் அப்படித்தான். காலையில் போட்டோ எடுக்கிற நேரத்துக்கு ஆள் அங்கே நிற்காவிட்டால் அன்றைய கூலி போச்சு. சனிக்கிழமை ராத்திரி வைத்தால் ஞாயிறு காலை ஆராதனையில் போதகர் ஐயா பிரசங்கத்தில் எல்லோரும் குறட்டை விடுவார்கள். ஆகவே வெள்ளிதான் தோது.

ஒரு வாரத்துக்கு முன்பே சர்ச்சைச் சுற்றியுள்ள வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். கிறிஸ்தவ வீடுகளுக்கு இல்லை, மற்ற வீடுகளுக்கு. யார் வீட்டில் பச்சைக் குழந்தை, யாருக்கு ஆபரேஷன் ஆகி வந்திருக்கிறது, எந்தப் பிள்ளைக்குப் பரீட்சை என்று கேட்டுக்கொள்வேன். வேலை பார்த்த காலத்துப் பழக்கம், விடவில்லை. எதிர்வீட்டில் ஒரு வயதான அம்மா இருந்தார்கள், மாரியம்மன் கோயிலுக்கு விடாமல் பால்குடம் எடுத்தவர்கள். ஒரு தடவை சொல்லப் போனபோது, "பாட்டு பாடுங்க தாயி, எனக்கு நல்லா தூக்கம் வருது. பேச மட்டும் பேசாதீங்க, அதுதான் தாங்கலை" என்றார்கள். போதகர் ஐயாவிடம் இதை அப்படியே சொன்னேன். சிரித்தார். அன்றைக்குப் பிரசங்கம் கொஞ்சம் குறைந்தது.

பக்கத்துத் தெரு தையல்கார பாய்க்கு இதெல்லாம் விளக்கவே வேண்டியதில்லை. ரமலான் கடைசிப் பத்து இரவுகளில் அவர்களும் விழிக்கிறார்கள். சிவராத்திரிக்குத் திருக்கடையூரில் நாலு கால பூஜை பார்த்துவிட்டு வருகிற ஜனங்களுக்கும் விளங்கும். கண்விழிப்பு இந்த டெல்டாவில் யாருக்கும் அந்நியமான காரியம் இல்லை. அதனால்தான் தடை கேட்ட வாசகரிடம் சொல்கிறேன், விழித்திருப்பதைத் தடை செய்யச் சொன்னால் உங்கள் வீட்டு வாசலுக்கும் அது வரும்.

இப்போது ஏற்பாடு. மற்ற சபைச் செயலர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கழிவறை விளக்கு. சிரிக்க வேண்டாம். பெண்கள் ராத்திரி ஜெபத்துக்கு வராததற்குப் பாதிக் காரணம் அதுதான். வெளிச்சமும் தண்ணீரும் உள்ளே தாழ்ப்பாளும் இருக்கிறதா என்று பார்க்காமல் "பெண்களுக்கு ஆவிக்குரிய தாகம் குறைந்துவிட்டது" என்று பிரசங்கம் பண்ணுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்பது மணிக்கு எல்லோரும் கூடி ஆராதனை. அதுவரைக்கும் உள்ளே ஒரு பெட்டி ஸ்பீக்கர். பத்தடித்ததும் அதை அணைத்து வயரையே உருவி வைத்துவிடுவோம், ஆசை வராமல் இருக்க. பிறகு மணிக்கு ஒரு குழு. ஆறு பேரில் இருந்து எட்டுப் பேர். அவர்கள் மட்டும் பீடத்தின் முன் வட்டமாக உட்காருவார்கள். மற்றவர்கள் ஓய்வுநாள் பள்ளி அறையில் ஜமுக்காளத்தில் படுத்துத் தூங்கலாம், தூங்கத்தான் வேண்டும். எட்டுப் பேர் பேசினால் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கும், ஒலிபெருக்கிக்கு அங்கே என்ன வேலை? ஒரு சங்கீதம் வாசிப்பது, கொஞ்ச நேரம் மௌனம், குறிப்புகளுக்காக ஜெபம், மெதுவாக ஒரு கீர்த்தனை. நேரம் முடிந்தால் ஒருவர் போய் அடுத்த குழுவைத் தோளைத் தொட்டு எழுப்புவார். மணி அடிப்பது கிடையாது.

குழு பிரிப்பதில்தான் சண்டை வரும். பத்து மணி முறையும் நாலு மணி முறையும் எல்லோருக்கும் வேண்டும், ஒரு மணியும் இரண்டு மணியும் யாருக்கும் வேண்டாம். இந்த இரண்டு முறைகளையும் சபை மன்றத்து ஆண்களுக்குக் கொடுத்துவிட்டேன். பெரியவர்கள், பொறுப்பில் உள்ளவர்கள், முன்மாதிரியாக இருக்கட்டுமே. நடுராத்திரி சுக்கு காபியும் அவர்கள் பொறுப்பு. முன்பெல்லாம் ராத்திரி ஜெபம் என்றால் ஆண்கள் ஜெபிப்பார்கள், பெண்கள் அடுப்படியில் விழித்திருப்பார்கள். உபசரிக்கிற வேலையிலேயே கிடந்து தவித்த மார்த்தாளுக்கு ஆண்டவர் சொன்ன புத்தியை வருஷா வருஷம் பிரசங்கம் பண்ணிவிட்டு, மார்த்தாளை அடுப்படியிலேயே விட்டுவைக்கிற வழக்கம். ஆண்கள் போடுகிற காபியில் சுக்கு தூக்கல்தான், குடித்துக்கொள்கிறோம்.

ஜெபக்குறிப்பு நோட்டுப் புத்தகத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பல சபைகளில் இது ஊர்க்கதை பரப்புகிற நோட்டாக ஆகிவிட்டது. "இன்னாருடைய மகளுக்குக் கர்ப்பம் தங்கவில்லை, இன்னார் புருஷன் குடிக்கிறார், இன்னாருக்கு அந்த வியாதி" என்று பெயர் சொல்லிச் சத்தமாக வாசிக்கிறார்கள். ஸ்பீக்கர் வேறு இருந்தால் ஊருக்கே தெரியும். நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு வீட்டு ரகசியம் அடுத்த வீட்டுக்குப் போகாமல் காப்பாற்றியதால்தான் பெண்கள் என்னிடம் வாய் திறந்து பேசினார்கள். ஆகவே எங்கள் நோட்டில் பெயர் மட்டும்தான் இருக்கும். காரியம் என்ன என்று எழுதுவது இல்லை. அது தெரிய வேண்டியவருக்குத் தெரியும். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். எதிர்வீட்டு அம்மா உயிரோடு இருந்தவரை, வெளிநாட்டில் வேலை பார்க்கிற பேரன் பெயரைச் சொல்லி அனுப்புவார்கள்.

அடுத்தது உபவாசம். இங்கே நான் செயலராகப் பேசவில்லை, செவிலியராகப் பேசுகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் இருக்கிறது என்று கண்கூடாகத் தெரிகிறது. ராத்திரி ஜெபத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஐம்பது தாண்டியவர்கள். அவர்களிடம் "உபவாசத்தோடு வாருங்கள்" என்று மொட்டையாக அறிவிப்புக் கொடுப்பது ஆபத்து. சர்க்கரைக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டோ இன்சுலின் குத்திக்கொண்டோ சாப்பிடாமல் வந்தால், நடுராத்திரியில் சர்க்கரை இறங்கிவிடும். உடம்பு வேர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சு குழறும், சில பேர் சம்பந்தம் இல்லாமல் கத்துவார்கள். ஜெபம் நடக்கிற இடத்தில் ஒருவர் நடுங்கி வேர்த்து ஏதோ உளறினால் சுற்றி இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? "ஆவியின் அபிஷேகம் இறங்கியிருக்கிறது" என்று இன்னும் சத்தமாகத் துதிப்பார்கள். இறங்கியிருப்பது சர்க்கரை. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் சாப்பிட ஏதாவது கொடுக்க வேண்டும். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும்.

வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முழு இரவு விழிக்கவே கூடாது. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். வந்தால் அதற்கும் பிசாசின் மேல் பழி. கர்ப்பிணிகளும், பால் கொடுக்கிற தாய்மாரும் பட்டினி வேண்டாம், கண்விழிப்பும் வேண்டாம். நோயாளிகளிடம் "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு" என்று கேட்கிற ஊழியக்காரருக்கு எங்கள் சர்ச்சில் மைக் மட்டும் இல்லை, பாயும் கிடையாது. இதில் போதகர் ஐயா என் பக்கம். அவர் மனைவி ஐயரம்மாவுக்கே சர்க்கரை.

பாம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைத்தான் அதிகமாகக் கடிக்கும். கடித்த இடத்தில் பெரிய வலியோ வீக்கமோ இருக்காது, அதனால் எறும்பு கடித்ததென்று திரும்பிப் படுத்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் வயிறு வலிக்கும், கண் இமை தானாகச் செருகும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. சுவரோரம் பாய் போடாமல் நடுவில் போடுங்கள். வாசலில் செங்கல் குவியல், பழைய ஓடு இருந்தால் முன்கூட்டியே அப்புறப்படுத்துங்கள். டார்ச் இல்லாமல் யாரையும் வெளியே அனுப்பாதீர்கள். கடித்துவிட்டால் ஜெபித்துக்கொண்டே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், ஜெபித்துவிட்டு ஓடாதீர்கள்.

சத்தமில்லாத ஜெபம் சப்பென்று இருக்கும், ஜனங்கள் வரமாட்டார்கள் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் 2004-ஐச் சொல்வேன். அந்த டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். தரங்கம்பாடிக் கரையோரம் இருந்த குப்பத்து ஜனங்களைப் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் வைத்திருந்தார்கள். நான் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களோடும் குளோரின் மாத்திரைகளோடும் ஒரு மண்டபத்தில் இருந்தேன். கரண்ட் இல்லை. திரும்பவும் அலை வருகிறது என்று யாராவது ஓடிவந்து சொல்வதும், எல்லோரும் எழுந்து அலறுவதுமாக இருந்தது. அப்போது அங்கிருந்த பெரியவர்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். கொஞ்சம் பேர் வாசலில் விழித்திருப்பது, மற்றவர்கள் தூங்குவது, பிறகு மாற்றிக்கொள்வது. விழித்திருந்தவர்கள் சும்மா இருக்க முடியாமல் ஜெபித்தார்கள். அவரவர் சாமியிடம் அவரவர். ஒரு மூலையில் ஒரு பெண் இயேசுவைக் கூப்பிட்டாள், இன்னொருத்தி மாரியாத்தாளைக் கூப்பிட்டாள், பக்கத்தில் ஒருவர் அல்லாவை. யாரும் யாரையும் "மெதுவாக" என்று சொல்லவில்லை, ஏனென்றால் எல்லோரும் மெதுவாகத்தான் கூப்பிட்டார்கள். தூங்குகிற பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாதே. அந்த மண்டபத்தில் ஜனங்கள் வந்து நிறையாமலா இருந்தார்கள்?

டிசம்பர் 31 இரவுதான் எனக்குப் பெரிய தலைவலி. அன்றைக்குச் சபையே திரண்டு வரும், வருஷம் பூராவும் வராதவர்களும் வருவார்கள். முறை வைக்க முடியாது, எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பார்கள். பன்னிரண்டடித்ததும் சர்ச் மணி அடிக்க வேண்டும் என்பது பழைய வழக்கம், ஒரு நிமிஷத்தில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். ஆனால் வாசலில் பட்டாசு வெடிக்கிறவர்களை என்னால் கட்டுப்படுத்த முடியவில்லை. அவர்களில் பாதிப் பேர் எங்கள் சபையே இல்லை, ஊர்ப் பையன்கள். வாசகருக்கு அன்றைக்கும் தொந்தரவு இருந்தால் அதற்கு என்னிடம் இப்போதைக்கு மருந்து இல்லை.

காவல் துறைக்கு ஒரு கோரிக்கை. ராத்திரி ஜெபத்துக்கு அனுமதிக் கடிதம் கொண்டுபோனால் நிலையத்தில் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. யாராவது முக்கியஸ்தர் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து, இல்லாவிட்டால் "எதற்கு வம்பு" என்று ஒரேயடியாக மறுப்பு. இரண்டும் வேண்டாம். ஸ்பீக்கர் உள்ளேயா வெளியேயா, எத்தனை மணிக்கு அணைப்பீர்கள், பொறுப்பாளர் யார், அவர் போன் நம்பர் என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அந்த நம்பரைப் பக்கத்து வீடுகளுக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். என் நம்பர் எங்கள் தெருவில் எல்லோரிடமும் இருக்கிறது. பிரசவ வலிக்குக் கூப்பிட்ட பழக்கத்தில் சத்தத்துக்கும் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும்.

எங்கள் வாலிபர் சங்கம் வரும் மன்றக் கூட்டத்தில் பத்து மணிக்கு மேலும் கீபோர்டு வாசிக்க அனுமதி கேட்கப் போகிறது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

ஆசிரியர் அவர்களே, கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் ஜெர்மனிக்காரர்களையும் வெஸ்லியையும் வெட்டிக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையும் கட்டுவிரியனும் உள்ள பகுதிகளை மட்டும் தயவுசெய்து வெட்ட வேண்டாம். லெந்து நாட்கள் நடக்கின்றன, பெரிய வியாழனுக்கு முன்பே வந்தால் உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தரங்கம்பாடி வட்டம், மயிலாடுதுறை மாவட்டம்.